பாட்டிமாரின் ஸ்தோத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முதுமையைப் பெருஞ்சுமையென்றே பேசிப் பழகிவிட்ட இக்காலத்தில், குடும்பத்துக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் ஸ்தோத்திரம் செலுத்தும் பாட்டிமாரைப் பற்றித் தாங்கள் பிரசுரித்த கட்டுரையை மனப்பூர்வமாக ஆமோதிக்கிறேன். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை, இந்தியா என இரு தேசங்களாகப் பிரிந்துபோன எங்கள் தோட்டக் குடும்பங்களில், பேரக்குழந்தையை மடியில் ஏந்துவதே பெரும் பாக்கியம். இவ்வருஷம் பிறந்த பேத்தியோ என் மூக்குக்கண்ணாடியைப் பறிப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறாள். முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது, சபைப் பெண்களோடு றக்வானையைச் சூழ்ந்த தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு ஊழியஞ் செல்கையில், ஜெபத்துக்கு முன்னரே தேத்தண்ணியும் ரொட்டியும் நீட்டும் கரங்களில் (அவற்றுள் பல சைவர்களுடையவை) கர்த்தரின் தயவையே காண்கிறேன். இத்தகைய தோட்ட ஊழியத்துக்கு முன்னோடியாக 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் பணிக்கெனத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, கோப்பித் தோட்டங்களெங்கும் கால்நடையாய்த் திரிந்த உபதேசியார்களின் நாமங்கள் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஆதலால், அவர்களைக் குறித்து வயோதிபர் நினைவிலுள்ள செய்திகளைத் திருச்சபையார் தாமதமின்றி எழுதிவைக்கவும், தங்கள் பத்திரிகை அவற்றுக்கு மாதம் ஒரு பக்கமேனும் ஒதுக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
றக்வானை.