ஆலையின் சரக்கை எந்தத் தேதியில் பார்ப்பது?

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்திலும் செஞ்சி அருகே செம்மேட்டிலும் ராஜஸ்ரீ சுகர்ஸ் ஆலைகள் இருக்கின்றன. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்பதால் அதன் கணக்கை யாரும் படிக்கலாம். திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் கரும்பு போடுகிறவர்களும் படிக்க வேண்டும். படிக்கும்போது சரக்கிருப்பு வரியில் கொஞ்சம் நிதானம் தேவை.

சரக்கிருப்பை விற்ற சரக்கின் அடக்கத்தால் வகுத்து 365ஆல் பெருக்கினால், சரக்கு சராசரியாக எத்தனை நாள் கிடங்கில் கிடக்கிறது என்று தெரியும். நம் நாட்டு லாப நட்டக் கணக்கில் அடக்கத்துக்குத் தனி வரி கிடையாது. மூலப்பொருள் செலவு, வாங்கி விற்ற சரக்கின் கொள்முதல், சரக்கிருப்பு மாற்றம் மூன்றையும் நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். ஆலைச் செலவு இதில் சேராததால் தோராயம்தான். ஆண்டுதோறும் ஒரே முறையில் போட்டால் ஒப்பிடலாம்.

சர்க்கரை ஆலையில் சிக்கல் வேறு. இங்கே அரவை பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மார்ச் 31 அன்று கிடங்கு நிரம்பியிருக்கும். மத்திய அரசு மாதந்தோறும் அனுமதிக்கும் அளவுக்குத்தான் விற்கவும் முடியும். ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம்: அடக்கம் 500 கோடி, மார்ச் இருப்பு 200 கோடி. கணக்குப் போட்டால் 146 நாள். செப்டம்பர் 30 இருப்பு 50 கோடி என்றால் சராசரி 125 கோடி, 91 நாள்தான். தொடக்க, இறுதி இருப்புகளின் சராசரியும் இங்கே உதவாது, இரண்டுமே மார்ச் மாதத்தவை. பங்குச் சந்தை நிறுவனங்கள் வெளியிடும் அரையாண்டு இருப்புநிலைக் குறிப்பைத் தேடி எடுப்பது அவசியம்.

இருப்பு குறைந்தாலே சரக்கு விற்றுவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. அடக்கம், விற்றால் கைக்கு வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கில் ஏறும். சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலை 2018 ஜூனில் கிலோ 29 ரூபாயாகவும், 2019 பிப்ரவரியில் 31 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அடக்கம் அதைத் தாண்டிய ஆலைக்கு, மூட்டை அசையாமலே இருப்பின் மதிப்பு இறங்கலாம். எவ்வளவு இறக்கினார்கள் என்பதைக் கணக்கின் பின்குறிப்புகளில் பார்க்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது கரும்புப் பாக்கி. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பைப் பெற்ற 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. செப்டம்பரில் சரக்கு கரைந்தும், கொடுக்க வேண்டிய தொகை கரையவில்லை என்றால், விற்ற பணம் வங்கிக் கடனுக்குப் போனதா, நட்டத்தை அடைக்கப் போனதா என்று பணப்புழக்க அறிக்கையில் தேட வேண்டும்.