பழனியில் காணிக்கை, பூன் லேயில் அலங்கோலமா?

முடி கொடுப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. பழனியிலும் சமயபுரத்திலும் திருப்பதியிலும் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு இல்லாமல் மொட்டை போட்டுக்கொள்கிறோம். இங்கிருந்து விமானம் ஏறிப்போய் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு, திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வேலைக்குச் செல்பவர்களும் நம்மிடையே உண்டு. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. "எந்தக் கோயில்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால், நோயால் முடி இழந்த ஒரு சிறுமிக்கு விக் செய்வதற்காக முடியை வெட்டிக்கொடுக்கப் போகிறேன் என்று ஓர் இளம்பெண் சொன்னால் நிலைமை வேறு. பூன் லேயில் எங்கள் வீட்டில் நான் அதைச் சொன்னபோது பாட்டி முதலில் கேட்டது, "ஏதாச்சும் வேண்டுதலா?" இல்லை என்றதும் முகம் மாறியது. "சாமிக்குன்னா சரி. ஒண்ணும் இல்லாம பொம்பளப் பிள்ளை முடியை வெட்டிக்கிட்டு நின்னா, வீட்டுல என்னமோ ஏதோன்னு நாலு பேரு கேப்பாங்கள்ல?"

பாட்டியைப் பழைமைவாதி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்த வழக்கம் நம் சமூகத்தின் சில பிரிவுகளில் இருந்தது. கடும் காய்ச்சல் வந்தால் முடி கொட்டும். ஆகவே, முடி குறைந்த பெண் என்றால் துக்கம் அல்லது நோய் என்று கணக்குப் போட அந்தத் தலைமுறை பழகியிருக்கிறது. நீண்ட பின்னல், குடும்பம் நன்றாக இருக்கிறது என்பதற்கான சான்றிதழ் போல.

அதே பாட்டி கல்யாணத்தன்று சவுரி வைத்துப் பின்னியவர்தான். சீப்பில் வரும் முடியைச் சேர்த்துவைத்துச் சவுரி கட்டுவதும், சேர்ந்த முடியைத் தெருவில் வருபவரிடம் கொடுத்துப் பாத்திரம் வாங்குவதும் அந்நாளில் சாதாரணம். "உங்க சவுரி யாரோட முடி பாட்டி?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்!" என்று சிரித்துவிட்டார். முகம் தெரியாத ஒருவரின் முடியைத் தலையில் சூடுவது நமக்கு எப்போதும் பழக்கமானதுதான்.

நம் கோயில் முடி கடல் கடந்தும் போகிறது. திருப்பதியில் சேரும் முடி ஏலம் விடப்பட்டு, விக்காகவும் இணைப்பு முடியாகவும் பல நாடுகளுக்குச் செல்கிறது. வழிபாட்டில் காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட முடியை அணியக்கூடாது என்று யூத சமய குரு ஒருவர் 2004ல் தீர்ப்புச் சொன்னதும், நியூயார்க்கிலும் இஸ்ரேலிலும் சில பெண்கள் தங்கள் விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அதுவரை அவர்களில் யாருக்காவது நம் ஊர்ப் பக்தையின் நினைவு வந்திருக்குமா, தெரியவில்லை.

கோயில் முடி அப்படிச் சந்தைக்குப் போகிறது. நோயாளிக்கென்று கொடுக்கும் முடிக்கு வழி வேறு. ஜப்பானின் ஒசாகா நகரில் 2009ல் முடிதிருத்துநர்கள் தொடங்கிய 'ஜப்பான் ஹேர் டொனேஷன் அண்ட் சேரிட்டி' அமைப்பு, குறைந்தது 31 சென்டிமீட்டர் நீள முடியைக் கேட்கிறது. சாயம் பூசியிருந்தாலும் நரைத்திருந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அப்படியென்றால் 31 சென்டிமீட்டர் என்பது இரண்டரை ஆண்டு வளர்ச்சி.

வெட்டிய பிறகுதான் பெரிய வேலையே. நீளவாரியாகப் பிரித்து, வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறாமல் அடுக்கி, சுத்தம் செய்து, வலைத்தொப்பி ஒன்றில் சில இழைகளாக ஊசிக்கொக்கியால் முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சில் மடிப்பதால் நீளம் குறையும். ஒரு விக்குக்குப் பலருடைய முடி வேண்டும், பல நாள் கைவேலை வேண்டும். அதனால்தான் விலை அதிகம். முடியை அனுப்பிவிட்டுப் படத்தை இன்ஸ்டகிராமில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், கூடவே ஐம்பது வெள்ளி கொடுத்தால் அந்த முடி விக்காக மாற வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. படம் போடுவதும் தவறில்லை, நானும் போடுவேன்.

"சிகிச்சை முடிந்தால் முடி வளர்ந்துவிடுமே, பிறகு விக் எதற்கு?" என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். உண்மைதான். கீமோதெரபி மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. முடியின் வேரில் உள்ள செல்களும் அப்படிப்பட்டவை என்பதால் இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்குகிறது. சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் வளர்ந்துவிடும். புழுவெட்டு வந்தவர்களில் சிலருக்கு முடி திரும்பி வருவதே இல்லை. அந்த ஜப்பானிய அமைப்பிடம் விக் பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆனால், வளர்கிறவர்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பள்ளிக்கும் கடைத்தொகுதிக்கும் போக வேண்டியிருக்கிறதே. 179ஆம் எண் பேருந்தில் முடியில்லாத ஒரு பெண் ஏறினால் நாம் எத்தனை முறை திரும்பிப் பார்ப்போம்?

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பாட்டி பயப்படும் அந்த 'நாலு பேர்' பார்வையும், நோயுற்ற பெண்ணை விக்குக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்லும் பார்வையும் ஒன்றே. முதலாவது என்னை வெட்டவிடாமல் தடுக்கிறது. இரண்டாவது அவளை வெளியே வரவிடாமல் தடுக்கிறது.

சிங்கப்பூரில் சிறுவர் புற்றுநோய் அறக்கட்டளை 2003ல் தொடங்கிய 'ஹேர் ஃபார் ஹோப்' இந்தப் பார்வையைத்தான் குறிவைக்கிறது. முடி தானமும் அதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அதில் மழிக்கப்படும் முடி விக் செய்வதற்கு அன்று. முடி இழந்த பிள்ளைகளோடு நாங்களும் இருக்கிறோம் என்று காட்டுவதும் நிதி திரட்டுவதுமே நோக்கம். 2013ல் செயின்ட் மார்கரெட்ஸ் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் சிலர் அதில் மொட்டையடித்துக்கொண்டபோது, பள்ளிக்கு விக் அணிந்து வர வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. மொட்டைத் தலை வெட்கப்பட வேண்டியதல்ல என்று காட்டியவர்களுக்கே விக்! பொதுமக்களிடையே பெரும் விவாதம் எழுந்த பிறகு பள்ளி அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. 2019ல் கேரளாவின் திருச்சூரில் அபர்ணா லவகுமார் என்ற காவல்துறை அதிகாரி, புற்றுநோயாளிகளுக்காக இடுப்பளவு முடியை மழித்துக் கொடுத்தார். சீருடையும் மொட்டைத் தலையுமாக அவர் நின்ற படம் எங்கும் பரவியது. அந்தத் தொப்பிக்குக் கீழே விக் வைக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதாக நான் படிக்கவில்லை.

விக் செய்து கொடுக்கும் அந்த ஒசாகா அமைப்பே, விக் கட்டாயம் தேவைப்படாத ஒரு சமுதாயம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவருகிறது. அதைப் படித்த பிறகுதான் என் முடிவு உறுதியானது. விக் வேண்டும் என்பவளுக்கு என் முடி. வேண்டாம் என்பவளுக்கு, பேருந்தில் நான் என் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாக இருப்பது.

நவம்பரில் தேர்வு முடிந்ததும் வெட்டப் போகிறேன். பாட்டி இன்னும் சம்மதிக்கவில்லை. "தோளுக்குக் கீழ வரைக்குமாவது விட்டு வெட்டு" என்பதுவரை இறங்கி வந்திருக்கிறார்.

நீங்களும் யோசித்தால், அமைப்புக்கு அமைப்பு விதி மாறும் என்பதால் முதலில் அவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு பொட்டலம் கட்டினால் பூசணம் பிடித்துவிடும். முடிதிருத்துபவரிடம் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். முதலில் ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டி, அதற்கு மேலே வெட்ட வேண்டும். தரையில் விழுந்ததைக் கூட்டி அள்ளினால் வேர் எது, நுனி எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.