கூலிக்காரன் மகளுக்குக் கடல் கடந்த படிப்பு கூடாதா?

விழுப்புரம் பஸ் நிலையத்தில் இறங்கினாலும், திண்டிவனம் மேம்பாலத்தடியில் நின்றாலும், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் நம் கண்ணை உறுத்துகின்றன. லண்டனுக்கு வா, ஜெர்மனிக்கு வா என்கின்றன. யாரை அழைக்கின்றன? முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவன் மகனையா? மல்லாட்டை பிடுங்குகிறவள் மகளையா? நெல் மில்லில் மூட்டை சுமக்கிறவன் பிள்ளையையா? இல்லை. ஈடு காட்டச் சொத்துள்ளவன் வீட்டுப் பிள்ளையைத்தான் அழைக்கின்றன!

கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் கேட்டால், அரசு வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கின்றன. ஒரு காணி நிலமும் இல்லாத விவசாயத் தொழிலாளி எதை ஈடு வைப்பான்? தன் மண்வெட்டியையா?

"கூலிக்காரன் பிள்ளைக்கு உள்ளூர்க் காலேஜே அதிகம்" என்று உபதேசம் செய்யும் கனவான்களை நாம் அறிவோம். அவர்கள் தம் பிள்ளைகளை உள்ளூர்க் காலேஜுக்கா அனுப்புகிறார்கள்?

வெளிநாட்டுப் படிப்பால் என்ன பயன் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. பட்டாளத்துச் சுபேதாரின் மகன், தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட அம்பேத்கர், 1913-ல் பரோடா மன்னரின் உபகாரச் சம்பளத்தில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916-ல் அங்கே இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். 1923-ல் ரூபாய்ப் பிரச்னையை ஆராய்ந்து லண்டனில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்தப் படிப்பு அவர் ஒருவரின் வயிற்றை நிரப்பவா பயன்பட்டது? கோடிக்கணக்கான மக்களின் உரிமைக்கு ஆயுதமாயிற்று!

இதை அறிந்துதான் ஆள்வோர் அந்த ஆயுதத்தை மழுக்கப் பார்க்கிறார்கள். தாழ்த்தப்பட்டோருக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உபகாரச் சம்பளத் திட்டம் 1950-களிலிருந்து நடந்துவருகிறது. தேசம் முழுவதற்கும் 125 இடங்கள். அவற்றில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் ஆகிய இரு சாராருக்கும் சேர்த்து ஒதுக்கியது எத்தனை தெரியுமா? நான்கே நான்கு! தேசத்துக்குச் சோறு போடும் கோடானுகோடி மக்களுக்கு நான்கு இடம்! இது கல்வித் திட்டமா, கேலிக்கூத்தா?

அதையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? 2025-ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கும் நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். முதலாளிகளின் கடனைத் தள்ளி எழுத வரும் பணம், ஏழை மாணவனுக்கு மட்டும் வற்றிப்போவது எப்படி?

இன்னொரு அக்கிரமமும் உண்டு. இந்தியப் பண்பாடு, சரித்திரம், சமூகம் பற்றிய ஆராய்ச்சிக்கு இப்பணம் கிடையாது என்று 2022-ல் விதி போட்டார்கள். அந்த விதி 1916-ல் இருந்திருந்தால், அம்பேத்கர் சாதியைப் பற்றி வாய் திறந்திருக்க முடியுமா? சேரிப் பிள்ளை இயந்திரத்தைப் படிக்கலாமாம். தன்னைச் சேரியில் வைத்தது எது என்று மட்டும் படிக்கக்கூடாதாம்!

நம்மிலும் சில தோழர்கள், "இதெல்லாம் பணக்காரர் விவகாரம், நமக்கெதற்கு?" என்கிறார்கள். இது தவறு. அறிவு எவன் வீட்டுப் பத்திரத்திலும் எழுதப்பட்ட சொத்தல்ல. 1960-ல் சோவியத் நாடு மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தைத் திறந்தது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளைக் கட்டணமின்றிப் படிக்க வைத்தது. மறு ஆண்டு அதற்குக் காங்கோ விடுதலை வீரர் லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு தொழிலாளர் அரசால் முடிந்தது, இந்த அரசால் ஏன் முடியாது?

வெளிநாட்டுப் பட்டம் ஒன்றே விடுதலை தந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. தரகன் பேச்சை நம்பிக் குடியிருக்கும் மனையை விற்றுக் கடலேறு என்றும் சொல்லவில்லை. தகுதியுள்ள பிள்ளையைச் சர்க்கார் செலவில் அனுப்பு என்கிறோம். இது பிச்சையல்ல, நம் உழைப்பில் விளைந்த பணம்!

நான்கு இடத்தைப் பன்மடங்கு உயர்த்து! தேர்வான ஒவ்வொருவருக்கும் அதே ஆண்டில் பணம் கொடு! 2022 விதியை ரத்து செய்! விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளில் வழிகாட்டும் நிலையம் அமை!

மில் வாசலிலும் நடவு வயலிலும் இக்கோரிக்கைகளைப் பேசுங்கள், தோழர்களே! நம் தெருப் பெண் ஒருத்தி கடல் கடந்து படித்து, நம் கேள்விகளோடு திரும்பி வரும் நாளை நாம்தான் கொண்டுவர வேண்டும்.