கல்லில் உறங்கிய வெள்ளி வீரன்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாதுங்காவிலுள்ள அன்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். காப்பி வருமுன்னரே வழக்கு வந்து சேர்ந்தது. வீட்டுப் பெரியவர் நம்மை நடுவராக அமர்த்திக்கொண்டார். எதிர்வழக்காடியவன் அவருடைய எட்டு வயதுப் பேரன். அவன் கையில் ஒரு சாண் உயரப் பொம்மை. வெள்ளி நிற உடலில் சிவப்பும் ஊதாவுமாகப் பட்டைகள், மார்பில் நீலக்கல் போன்ற ஒரு விளக்கு.

“நம்முடைய கதை எதைச் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறான். இந்த ஜப்பான் பூதத்தைப் பற்றி மட்டும் நாள் முழுதும் பேசுகிறான். நீங்களே கேளுங்கள்” என்றார் பெரியவர்.

“பூதமில்லை, தாத்தா. இவர் டிகா. பூதங்களை அடிக்கிறவர்” என்று திருத்தினான் பையன்.

தீர்ப்புக்கு ஒரு மாத வாய்தா வாங்கிக்கொண்டு வந்தோம். பிள்ளைகள் விரும்பும் ஒன்றைப் பாராமலே பழிப்பது நமக்கு உடன்பாடன்று. பாராமலே புகழ்வதும் அப்படியே. ஆதலின் இந்த மாதம் முழுதும் இரவில் அமர்ந்து அந்த வெள்ளி வீரனின் வரலாற்றை ஆராய்ந்தோம். கண்டதை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

இக்கதை டிகாவிடம் தொடங்கவில்லை. 1954-இல் வெளிவந்த ‘காட்ஸில்லா’ படத்துக்குத் தந்திரக் காட்சிகளை அமைத்தவர் ஐஜி சுபுராயா என்னும் வித்தகர். புகுஷிமாப் பகுதியிலுள்ள சுகாகாவா என்ற ஊரில் 1901-இல் பிறந்தவர். அவர் 1963-இல் தமக்கெனத் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்நிறுவனம் தொலைக்காட்சிக்கென ஆக்கிய ‘அல்ட்ராமேன்’ என்ற தொடர் 1966 ஜூலை 17 முதல் 1967 ஏப்ரல் 9 வரை 39 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. எம்78 என்னும் தொலைதூர ஒளிநாட்டிலிருந்து ஒரு விலங்கைத் துரத்திக்கொண்டு வரும் வீரன், வழியில் ஹயாத்தா என்னும் மனிதனின் வானூர்தியில் மோதி அவனைக் கொன்றுவிடுகிறான். தன்னால் நேர்ந்த பிழைக்கு ஈடாகத் தன் உயிரையே அவனுக்கு அளித்து, அவனுள்ளே குடியேறி, அவன் நாட்டைக் காக்கிறான். உயரம் 40 மீட்டர்; எடை 35,000 டன். ஆனால் நம் பூமியில் அவன் நிற்கக்கூடிய காலம் மூன்றே நிமிடம். மார்பிலுள்ள நீல விளக்கு சிவந்து மின்னத் தொடங்கினால் ஆற்றல் வற்றுகிறது என்று பொருள். இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சிறிய ஆயுளா என்று பிள்ளைகள் பதைத்தார்கள். தந்திரக் காட்சிக்கு ஆகும் பணமும் இதனால் அளவோடு நின்றிருக்கும். அந்த உருவத்தை வரைந்தளித்த ஓவியர் தோரு நாரிதாவுக்கோ இந்த விளக்கு பிடிக்கவேயில்லை. அவர் வரைந்ததில் அது இல்லை.

அந்தப் போர்களைப் படம்பிடித்த முறையும் சொல்லத்தக்கது. இடுப்பளவு கட்டிடங்களை அட்டையாலும் மரத்தாலும் பிளாஸ்டராலும் செய்து ஒரு நகரத்தையே பரப்பிவைப்பார்கள். உடலை இறுக்கும் உடைக்குள் நடிகர் ஒருவர் புகுந்துகொள்வார். படக்கருவியை வேகமாக ஓட்டிப் படம் எடுத்து, இயல்பான வேகத்தில் காட்டுவார்கள். மனிதன் ஓங்கிய கை, மலை அசைவது போல் மெல்ல இறங்கும். இன்று கணிப்பொறி எதையும் வரைந்து தருகிறது. ஆயினும் அந்தக் கைவேலையின் கனம் அதில் வருவதில்லை என்பது நம் கருத்து.

முதல் வீரன் வெற்றி பெறவே, அவனுக்கு உறவினர் பெருகினர். 1967-இல் ஒருவர், 1971-இல் ஒருவர், 1972-இல் ஒருவர் என்று தம்பியர் வந்தனர். பிறகு தந்தையார் வந்தார்; தாயாரும் வந்தார். இளையவன் எதிரியிடம் அகப்பட்டுக்கொண்டால் மூத்தவர்கள் வானத்திலிருந்து வரிசையாக இறங்கி வந்து மீட்பார்கள். கலியாண வீட்டுப் புகைப்படத்தில் நிற்பது போல் அவர்கள் அணிவகுத்து நிற்கும் காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அண்ணன்மார் வருவர் என்று அறிந்த பின் தம்பியின் துன்பத்துக்கு யார் அஞ்சுவார்?

‘அல்ட்ராமேன் 80’ என்னும் தொடர் 1981 மார்ச்சு மாதத்தில் முடிந்தது. அதன் பின் 15 ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் நடிகர் நடித்த புதிய அல்ட்ராமேன் தொடர் எதுவும் வரவில்லை. நிறுவனம் வாளா இருந்ததென்பதில்லை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் ஒரு தொடரும், 1993-இல் அமெரிக்காவில் ஒரு தொடரும் எடுத்தார்கள். இரண்டும் பதின்மூன்று பதின்மூன்று பகுதிகளோடு நின்றுபோயின. அமெரிக்கத் தொடரைக் கண்டபோது, உடை கிழிந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சிப் போரிடுகிறார்களோ என்ற ஐயம் நமக்கு எழுந்தது. பழைய தொடர்களைக் கண்டு வளர்ந்த சிறுவர்களோ இதற்குள் பெரியவர்களாகித் தாமே பிள்ளை பெற்றிருந்தனர். தந்தையர் உருகிப் பேசும் ஒன்று, மக்களுக்கோ அலமாரியில் உள்ள பழைய பொம்மை.

இந்நிலையில், முதல் தொடரின் முப்பதாம் ஆண்டாகிய 1996-இல், செப்டம்பர் 7-ஆம் நாள் சனிக்கிழமை மாலை, ‘அல்ட்ராமேன் டிகா’ வந்தான். முப்பதாம் ஆண்டு விழாவென்றால் என்ன எதிர்பார்ப்போம்? அண்ணன்மார் அனைவரையும் மேடையேற்றி, மாலையிட்டு, புதியவனை அவர்கள் காலில் விழச் செய்வோம். ஆக்கியோர் அதைச் செய்யவில்லை. டிகா எம்78 நாட்டைச் சேர்ந்தவனல்லன். தந்தையுமில்லை, தாயுமில்லை. மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியைக் காத்த ஒளி வீரர்கள், தம் உடல்களைக் கற்சிலைகளாக விட்டுச் சென்றனர் என்பது புதிய கதை. மறைந்திருந்த கோபுரம் ஒன்றில் அத்தகைய சிலைகள் மூன்று நிற்கின்றன. முதற் பகுதியிலேயே இரண்டு கொடு விலங்குகள் வந்து அவற்றுள் இரண்டைத் தகர்த்துவிடுகின்றன. எஞ்சிய ஒன்றில் டைகோ என்னும் இளைஞன் ஒளியாகிக் கலக்க, கல் உயிர்பெறுகிறது.

அந்த இரண்டு சிலைகள் நொறுங்கும் காட்சியை நாம் மும்முறை திருப்பிப் பார்த்தோம். துணைக்கு வரக்கூடிய உடன்பிறப்புகளை, கதை தொடங்குமுன்னரே ஆசிரியர் தூளாக்கிவிட்டார்! இனி இவன் அழைத்தால் வர எவருமில்லை. பழைய தொடர்கள் படிப்படியே இழந்துவிட்ட அச்சம் அந்த ஒரு காட்சியில் திரும்பி வந்துவிடுகிறது.

வேறு மாறுதல்களும் உண்டு. இவன் 53 மீட்டர் உயரம். 44,000 டன் எடை. போரின் நடுவே நிறம் மாற்றி மூன்று வடிவம் கொள்கிறான். ஒன்று நடுநிலை, ஒன்று வலிமைக்கு, ஒன்று விரைவுக்கு. ‘டிகா’ என்றால் மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் மூன்று என்று பொருள். பினாங்கில் உறவினர் உள்ள அன்பர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. உலகம் படைகளைக் கலைத்துவிட்டு அமைதிக் கழகம் ஒன்றின் கீழ் வாழ்வதாகக் கதை கூறுகிறது. கட்ஸ் என்னும் ஆய்வுக் குழுவினரிடம் தொடக்கத்தில் படைக்கலமே இல்லை. அக்குழுவின் தலைவியாக இருமா என்னும் பெண்மணியை அமர்த்தினார்கள். இவ்வரிசையில் தலைமை ஒரு பெண்ணிடம் சென்றது அதுவே முதல் முறை. அவர் ஒரு மகனுக்குத் தாயுமாவார். பணியிலிருந்து வீட்டுக்குப் பேச நேரமின்றித் தவிக்கும் அந்த முகத்தை, நம் சங்கத்துச் சகோதரிகள் பலர் உடனே அறிந்துகொள்வர்.

விடாமல் வைத்துக்கொண்டவை எவை? வெள்ளி உடல், மார்பு விளக்கு, மூன்று நிமிடம், வாரம் ஒரு விலங்கு, நடுவே நொறுங்கும் சிறு நகரம். பிள்ளை நெஞ்சில் பதிந்தவை இவையே. குலமுறைப் பட்டியல் பெரியவர்கள் பெருமைக்காகச் சேர்த்துக்கொண்டது. ஆக்கியோர் இரண்டையும் பிரித்தறிந்தார்கள் என்பதே நாம் கண்ட உண்மை.

ஐம்பத்திரண்டாம் பகுதியோடு தொடர் முடிகிறது. இருள் உலகைச் சூழ்கிறது. டிகா தோற்று மீண்டும் கல்லாகிக் கடலடியில் கிடக்கிறான். அறிஞர்கள் கருவிகளைக் கொண்டு அவனை எழுப்ப முயன்று தோற்கிறார்கள். அப்போது உலகெங்குமுள்ள சிறுவர் சிறுமியர் தாமே ஒளியாகி அவனுள் புகுந்து, அவனோடு சேர்ந்து போரிடுகின்றனர். 1967-இல் முதல் வீரன் தோற்று வீழ்ந்தபோது பகைவனை வீழ்த்தியவர் மனிதர்களே. அந்தப் பழைய கருத்துதான் இங்கே பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் நம் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள நேர்ந்தது.

பெரியவரின் வழக்கில் நியாயமில்லை என்று சொல்லமாட்டோம். அடியும் உதையும் மிகுதிதான். சீனத்தில் 2021 செப்டம்பரில் இத்தொடரை இணையத் திரைகளிலிருந்து அகற்றி, சில நாட்களில் சில பகுதிகளைக் குறைத்து மீண்டும் இட்டார்கள். ஆயினும் “நம்முடைய கதைக்கும் இதற்கும் என்ன உறவு?” என்று அவர் கேட்டாரே, அதற்கு மட்டும் நம்மிடம் விடை உண்டு. 1974-இல் சுபுராயா நிறுவனமும் தாய்லாந்து நிறுவனம் ஒன்றும் கூடி ஒரு படம் எடுத்தன. கோவில் சிலையைத் திருட வந்தவர்களை எதிர்த்து உயிர்விட்ட சிறுவன் ஒருவனை அல்ட்ராத் தாயார் அனுமனாக எழுப்புகிறார். அனுமனும் அல்ட்ராச் சகோதரர்களும் தோளோடு தோள் நின்று விலங்குகளை அடக்குகின்றனர்! தாய்லாந்தினர் இராமகதையைத் தம் கதையாகவே போற்றுபவர்கள் ஆதலின் அவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை. அந்தக் கூட்டுறவு பிற்காலத்தில் உரிமை வழக்காகி, பல நாட்டு நீதிமன்றங்களில் பல ஆண்டு அலைந்தது தனிக்கதை. அதில் அனுமார் குற்றம் ஒன்றுமில்லை.

டிகாவின் பின் 1997-இலும் 1998-இலும் அடுத்தடுத்துப் புதிய தொடர்கள் வந்தன. இடையில் மீண்டும் தொய்வு ஏற்பட்டது. நிறுவனமே தோற்றுவித்த குடும்பத்தின் கையைவிட்டுச் சென்றது. 2013 முதல் ஆண்டுதோறும் ஒரு வீரன் வருகிறான். 2021-இல், டிகாவின் இருபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி, ‘டிரிகர்’ என்றொருவனைக் கொணர்ந்தார்கள். மூன்று வடிவம், பழம்பெரும் வீரன், இருளிலிருந்து வரும் பகைவர், எல்லாம் டிகாவினுடையவையே. பார்த்தோம், சுவைக்கவில்லை. டிகா தன் முன்னோரிடம் கடன் வாங்கிய துணிவை விட்டுவிட்டு, டிகாவின் சட்டையை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டது போலிருந்தது. 2023-இல் வந்த ‘பிளேஸர்’ அப்படியன்று. அதில் படைத்தலைவனே வீரனாக மாறுகிறான். அவன் வீட்டில் மனைவியும் சிறு மகனும் காத்திருக்கிறார்கள். பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கத்தக்கது என்று பரிந்துரைக்கிறோம்.

டிகாத் தொடரில் நாற்பத்தொன்பதாம் பகுதி ஒன்றுண்டு. உறவை அறுத்துக்கொண்டு வந்தவன் நன்றியையும் அறுத்துவிட்டானோ என்று ஐயுறுபவர்கள் அதைப் பார்க்க வேண்டும். டைகோ காலத்தைக் கடந்து, அல்ட்ராமேன் இன்னும் திரைக்கு வராத நாட்களின் சுபுராயா நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே முதியவர் சுபுராயாவைக் காண்கிறான். முதல் தொடரின் தலைமைக் கதாசிரியர் டெட்சுவோ கின்ஜோவையும் காண்கிறான். உண்மையில் சுபுராயா 1970-இலேயே மறைந்துவிட்டார். கின்ஜோ ஒகினாவாத் தீவினர். பள்ளிப் படிப்புக்காக டோக்கியோ வந்தவர். அந்நாளில் அத்தீவு அமெரிக்கர் ஆட்சியில் இருந்தமையால், தம் ஊருக்கும் தலைநகருக்கும் இடையே போய்வரவே பயணச் சீட்டுக்கு மேல் அரசாங்கத் தாள்களும் வேண்டியிருந்தன. வேற்றுலகிலிருந்து வந்து, இந்த மண்ணின் மனிதனாக வாழ்ந்து, இதைக் காத்துவிட்டுத் தன் நாடு திரும்பும் வீரனின் கதையை எழுதிய கை அவருடையது. 1969-இல் அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். 1976-இல், முப்பத்தேழு வயதில் காலமானார்.

அந்த நாற்பத்தொன்பதாம் பகுதியை எழுதியவர் ஷோஸோ உயெஹாரா. அவரும் ஒகினாவாக்காரர், கின்ஜோவின் நண்பர், அவர் அழைத்தே இத்துறைக்கு வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்த நண்பனை, மேசை முன் அமர்ந்து எழுதும் இளைஞனாக ஒரு நடிகரைக் கொண்டு மீண்டும் அமர்த்தியிருக்கிறார். புதிய வீரன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் அவனைப் பார்க்கிறான்.

வாய்தா முடிந்து சென்ற வாரம் மீண்டும் மாதுங்கா சென்று, இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். பெரியவர் கின்ஜோவைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த அனுமன் படம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். “அதில் டிகா வரமாட்டார், தாத்தா. 1974 என்கிறாரே மாமா, டிகா வந்தது 1996-இல் அல்லவா?” என்றான் பையன். இருபத்திரண்டு ஆண்டு வித்தியாசம் என்று விரல் விட்டு எண்ணியும் காட்டினான்.