சைக்கிளை விடலாம்... சைக்கிள் ஓட்டுவதை விட வேண்டாம்!

மாலை ஆறே முக்கால் மணி. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறாள் மகள். வழக்கத்தைவிட அதிகமாக வியர்த்திருக்கிறது. முகம் கழுவிவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்கிறாள். "என்னடி, தலைவலியா?" என்கிறார் அம்மா. "ஆமாம்மா" என்கிறாள்.

எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. கால்வாய்க் கரை ரோட்டில் பைக்கில் பின்னாலேயே வந்த இரண்டு பேரைப் பற்றி அவள் வாய் திறக்க மாட்டாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பைக்கில் வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவளுடைய சைக்கிள்தான் மறுநாளே மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேரும்.

சென்னையில் பறக்கும் ரயில் பாலத்தை ஒட்டி, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாகப் போகும் சாலைகள், கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள்... இவையெல்லாம் சைக்கிளுக்கு இதமான பாதைகள். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போவதில்லை. ஆனால், வண்டிகள் இல்லாத இடத்தில் மனிதர்களும் குறைவு. விபத்து பயம் குறையும்போது தனிமை பயம் வந்து ஒட்டிக்கொள்கிறது. விடியற்காலையில் உடற்பயிற்சிக்காக ஓட்டும் அம்மாக்களுக்கும், டியூஷன் போகும் பிள்ளைகளுக்கும் இது ஒன்றுதான்.

தற்காப்பு என்றதும் கராத்தே, குங்ஃபூ வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. கற்றுக்கொள்வது நல்லதே. ஆனால், சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்கின்றன. அடிக்கக் கையை ஓங்கினால் முதலில் சாய்வது அவருடைய சைக்கிள்தான். சைக்கிள்காரரின் தற்காப்பு, எதிராளி கைக்கெட்டும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

நிதானமாக மிதித்தாலே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் வரும். அதாவது நொடிக்கு நான்கு மீட்டருக்கும் மேல். சாதாரண ஆள் அந்த வேகத்தில் வெகுதூரம் துரத்தி ஓட முடியாது. ஆனால் நின்ற சைக்கிள் அந்த வேகத்தை எட்டச் சில நொடிகள் ஆகும். வம்பு செய்ய நினைப்பவனுக்கு அந்தச் சில நொடிகள் போதும். "டைம் என்னாச்சும்மா?", "இந்த அட்ரஸ் எங்கே இருக்கு?" என்று ஆளில்லாத இடத்தில் கேட்பவர் நல்லவராகவும் இருக்கலாம். அவருக்கு பதில் சொல்ல நிற்க வேண்டியதில்லை. "முன்னாடி கடையில கேளுங்க" என்று மிதித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகலாம். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்ற தயக்கத்தில் காலை ஊன்றிவிடுவதுதான் நம் பெண்களின் பழக்கம். இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் மரியாதை குறைந்தால் பரவாயில்லை.

நின்றே ஆக வேண்டிய இடத்திலும் ஒரு வழி உண்டு. ஒரு காலை மட்டும் ஊன்றி, மறுகால் பெடலை மேலே தூக்கி வைத்திருந்தால், ஒரே அழுத்தில் கிளம்பிவிடலாம். கியர் சைக்கிள் என்றால் நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிவிட வேண்டும். தூரத்தில் பாதையை மறித்து இரண்டு பேர் நின்றால், கிட்டே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகக்கூடாது. முப்பது, நாற்பது மீட்டர் தள்ளியே திரும்பிவிடுவது நல்லது. சந்தேகம் பொய்யாக இருந்தால் நஷ்டம் ஐந்து நிமிடம்தான்.

பின்னால் பைக் வந்தால் கதை வேறு. அதை மிதித்து ஜெயிக்க முடியாது. ஆனால், சைக்கிள் சட்டென்று நின்று, வந்த வழியே திரும்பிவிடும். குறுகிய பாதையில் பைக்குக்கு அது அத்தனை சுலபமில்லை. திரும்பி, வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். டீக்கடை, மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க் எதுவாகவும் இருக்கலாம். முக்கியமாக, நேராக வீட்டுக்குப் போகக்கூடாது. பின்தொடர்பவனுக்கு வீட்டைக் காட்டிக் கொடுத்தது போலாகிவிடும்.

செயின் பறிப்புக்கு வருவோம். சாலையின் இடது ஓரத்தில் போகும் சைக்கிளை பைக் வலது பக்கமாகத்தான் முந்தும். பின்சீட்டில் இருப்பவன் கையை நீட்டுவான். அந்த நொடியில் பெண்கள் அனிச்சையாகச் செய்வது, செயினை இறுகப் பிடிப்பது. அதுதான் உயிருக்கு ஆபத்து. பைக் இழுக்கிற இழுப்பில் தலைகுப்புற விழுந்தால், போன நகையைவிட அடிபட்ட தலைக்குத்தான் விலை அதிகம். சைக்கிளில் போகும்போது தாலிச் செயினுக்கு பதில் மஞ்சள் கயிறு போட்டுக்கொள்ளலாம். 'அபசகுனம்' என்று பெரியவர்கள் முகம் சுளிக்க இதில் ஒன்றுமே இல்லை. தாலி கயிற்றிலும் தாலிதானே! கைப்பையை ஹேண்டில்பாரில் சுற்றி மாட்டுவதும் வேண்டாம். பையை இழுத்தால் சைக்கிளும் சேர்ந்து சாயும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டால், சக்கரத்திலும் சிக்காது, பிறர் கையிலும் சிக்காது.

இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவது, பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குவதற்குச் சமம். ஹேண்டில்பாரில் சின்னக் கண்ணாடி ஒன்றை மாட்டினால் திரும்பிப் பார்க்காமலே பின்னால் வருவது தெரியும்.

எல்லாவற்றையும் மீறி வழிமறித்துவிட்டால்? அப்போது சைக்கிளை நடுவில் வேலி போல நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில். அவன் எந்தப் பக்கம் வந்தாலும் சைக்கிளும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மேலும் நெருங்கினால் சைக்கிளை அவன் மேல் தள்ளிவிட்டு ஓட வேண்டியதுதான். இங்கேதான் பல பேர் தவறுகிறார்கள். 'அப்பா ஆசையாக வாங்கித் தந்த சைக்கிளாச்சே' என்று அதை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சைக்கிளை விட்டுவிட்டு வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று வீட்டில் முன்பே சொல்லி வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் கை விடும். போன், கூடையிலோ கேரியரிலோ இல்லாமல் உடம்போடு இருக்க வேண்டியதும் இதற்காகத்தான்.

கத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெறுமனே "விடு, விடு" என்று கத்தினால், தூரத்தில் இருப்பவர்கள் அண்ணன் தங்கை சண்டை, புருஷன் பொண்டாட்டி தகராறு என்று நினைத்து ஒதுங்கிவிடலாம். "யார் நீ? உன்னை எனக்குத் தெரியாது!" என்று கத்தினால் விஷயம் எல்லோருக்கும் விளங்கும். கூடவே, "சிவப்பு சட்டை அண்ணா, இங்கே வாங்க!" என்று ஒருவரைக் குறிப்பிட்டுக் கூப்பிட்டால் அவரால் சும்மா நிற்க முடியாது. கழுத்தில் விசில் தொங்கவிடுவதானால், இழுத்தால் சட்டென்று கழன்றுவிடும் கயிறாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பெப்பர் ஸ்ப்ரே பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஓடும் சைக்கிளில் காற்று முகத்துக்கு எதிரே வீசும். முன்பக்கம் அடித்தால் பாதி அடித்தவர் கண்ணுக்கே வரும். பையின் அடியில் புத்தகங்களுக்குக் கீழே கிடக்கும் ஸ்ப்ரேயால் ஒரு பயனும் இல்லை. சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். உடலைக் காத்துக்கொள்ளும் உரிமையை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அவை அனுமதிப்பதில்லை. ஓடுகிறவனைத் துரத்திப் போய் சைக்கிள் பூட்டால் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

இடையில் ஒன்று: விடியற்காலை சைக்கிள்காரர்களைக் கேட்டால், மனிதர்களுக்கு முன்னால் நாய்களைப் பற்றித்தான் சொல்வார்கள். வேகமாக மிதித்தால் நாய் துரத்தும். காலால் உதைக்கப் போனால் நாமே விழுவோம். வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிடாமல், டாக்டர் சொல்லும் நாட்களில் எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

மறுபடியும் அந்தப் பெண்ணுக்கு வருவோம். மறுப்பு தெரிவித்த பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது பிரிவு 78-ன் கீழ் குற்றம். ஆபாசமாகப் பேசுவது, சைகை செய்வது பிரிவு 79. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது, 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 1098. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை ஒரு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டுக் கிளம்புவது எளிய காவல். ஆனால் எந்த எண்ணும் எந்த ஆப்பும், வீட்டில் சொல்ல முடியாத பெண்ணுக்கு உதவாது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். அன்றும் கேலியும் ஆபாசப் பேச்சும் இல்லாமல் இல்லை. பெண்கள் கூட்டமாக, ஊர்வலமாக ஓட்டினார்கள். கேலி செய்தவர்களுக்கு அலுத்துப்போகும் வரை ஓட்டினார்கள்.

ஊர்வலம் வேண்டாம், அம்மாவும் மகளும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் தினமும் வரும் அதே ஆறரை மணிக்கு, அதே வழியில் இருவரும் போய்ப் பார்க்கலாம். அம்மாவுக்கு சைக்கிள் வராவிட்டால் ஸ்கூட்டியிலாவது. "என்ன நடந்தாலும் உன் சைக்கிளை நிறுத்த மாட்டேன், சொல்லு" என்று வழியில் ஒரு முறை சொல்லிவிட்டால், தலைவலியின் காரணம் வீடு திரும்புவதற்குள் வெளியே வந்துவிடும். டீக்கடை எத்தனை மணி வரை, மெடிக்கல் ஷாப் எத்தனை மணி வரை, எந்த அப்பார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார் என்று பார்த்து வைக்கலாம். அந்த வாட்ச்மேன் அண்ணனிடம், "இவ என் பொண்ணு, தினமும் இந்த வழியாத்தான் வருவா" என்று இரண்டு வார்த்தை பேசலாம். கால்வாய் ஓரம் மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை என்றால், கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். சென்னை மாநகராட்சிக்குப் புகார் எண் 1913.