கார்பிள்டு: குழப்பமா, சுத்தமா?

போனில் குரல் விட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் கேட்டால் ஆங்கிலத்தில் 'கார்பிள்டு' என்பார்கள். குளறுபடி என்று அர்த்தம். ஆனால், கொச்சி மார்க்கெட்டின் மிளகு விலைப் பட்டியலைப் பாருங்கள். 'கார்பிள்டு' மிளகுக்கு விலை கூடுதல், 'அன்கார்பிள்டு' மிளகுக்குக் குறைவு. குளறுபடியான சரக்குக்கா கூடுதல் காசு?

இல்லை. மிளகு வியாபாரிகள் சொல்வதுதான் இந்த வார்த்தையின் பழைய அர்த்தம். கல், காம்பு, தூசி, சொத்தை எல்லாம் நீக்கிய சரக்கு.

ஏலக்காயில் அந்த வார்த்தை அவ்வளவாகப் புழங்குவதில்லை. வேலை என்னவோ அதேதான். போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மலைச்சரிவுகளில் பறித்து, ஸ்டோரில் உலர்த்திய காய் மூட்டை மூட்டையாக போடிநாயக்கனூருக்கு வந்து இறங்குகிறது. 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று அளவு பிரிக்க சல்லடை போதும். வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி அரித்த காயைப் பிரிக்க கண்ணும் விரலும் வேண்டும். குடோன்களில் வரிசையாக உட்கார்ந்து பொறுக்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பகல் முழுக்கக் குனிந்த கழுத்து, சாயங்காலம் அவ்வளவு சீக்கிரம் நிமிராது.

லத்தீனில் சல்லடைக்கு 'கிரிப்ரம்' என்று பெயர். அதிலிருந்துதான் சலிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல் 'கர்பல' வந்தது என்பது பலரின் கருத்து. அரபு வியாபாரிகளிடமிருந்து இத்தாலிக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போய் 'கார்பிள்' ஆனது. லண்டனில் ஒருகாலத்தில் 'கார்ப்ளர்' என்று ஓர் அதிகாரியே இருந்தார். மசாலாக் கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் நுழைந்து சரக்கைச் சோதித்து, கழிவை நீக்குவது அவர் வேலை.

அப்புறம் ஏன் அர்த்தம் தலைகீழானது? மிளகைப் பொறுக்குவதுபோல, ஒருவர் எழுதியதிலிருந்து தனக்குச் சாதகமான வரிகளை மட்டும் பொறுக்கிக் காட்டுவதையும் 'கார்பிள்' என்றார்கள். சொன்னது ஒன்று, காட்டியது ஒன்று. குளறுபடி அங்கே ஆரம்பித்தது.

இதற்கு உறவான இன்னொரு லத்தீன் சொல் 'செர்னெரே', அதாவது சலித்துப் பிரிப்பது. சலித்து உறுதியானது 'செர்ட்டன்'. பிரித்துத் தனியே வைத்தது 'சீக்ரெட்'. 'டிஸ்கிரிமினேஷன்'கூட இதே குடும்பம்தான். காயைத் தரம் பிரித்தால் வியாபாரம், மனிதர்களைப் பிரித்தால் வழக்கு! தமிழும் சளைத்ததல்ல. அடுப்பங்கரையில் கீரை ஆய்கிறோமே, பல்கலைக்கழகத்தில் அதே ஆய்தல்தான் ஆய்வு.

கலப்படத்துக்கான 'அடல்டரேட்'டில் ஒளிந்திருப்பது 'ஆல்டர்'. லத்தீனில் 'வேறு' என்று பொருள். ஒன்றை வேறாக மாற்றிவிடுவது. ஏலக்காயில் செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனாலும் சாயம் ஏற்றிய காய் பிடிபட்டதாகச் செய்திகள் வரத்தான் செய்கின்றன. பச்சைச் சாயம் ஏறிவிட்டால், வெளுத்த காய் எது என்று பொறுக்குகிற அந்தப் பெண்களின் கண்ணுக்கும் தெரியாது.