கண்ணை மூடினால் கள்வன் தெரிவானா?

தொலைக்காட்சி மாயத் தொடர்களில் நாயகி கண்ணை மூடியதும் குற்றவாளியின் முகம் தெரிந்துவிடுகிறது. விசாரணை வேண்டாம், சான்றும் வேண்டாம். இத்தொடர்கள் இங்கு மேருவில் வீட்டுக்கு வீடு ஓடுகின்றன. சென்ற வாரம் என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஐந்து வெள்ளி காணாமற்போயிற்று. ஒரு சிறுமி, தொடரில் கண்டபடியே கண்மூடி, ஒரு பையனைச் சுட்டினாள். வகுப்பே நம்பியது! பணமோ, தொலைத்தவளின் கணிதப் பயிற்றிக்குள்ளேயே இருந்தது.

1990களில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' தொடர்கூட, சாமியின் தண்டனையென ஊர் நம்பிய கொலைகளுக்கு முடிவில் மனநோயைக் காரணம் காட்டியது.

"இலக்கியத்திலேயே இது உண்டே" என வாதிடுவோர் சிலப்பதிகாரத்தைப் புரட்டட்டும். கண்ணகி தீக்கனாக் கண்டு தேவந்தியிடம் உரைத்தாள். ஆயினும் பாண்டியன் அவையில் அக்கனாவையா சாட்சியாக்கினாள்? சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பிய மன்னன் அங்கேயே மாண்டான்.

அந்தப் பையன் இன்னமும் அச்சிறுமியின் அருகில் அமர மறுக்கிறான்.